நாலாம் பெட்டியின் கஷ்டங்கள்

மாலை ஆறு பத்து ரயிலில், கடைசி நிலையத்துக்கு இரண்டு நிலையம் இருக்கும்போது, நாலாம் பெட்டியில் கேஷியர் தொண்டையைக் கனைப்பார். அதுவரை அரட்டையடித்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். தூங்குகிறவரைப் பக்கத்தில் இருப்பவர் இடித்து எழுப்புவார். அன்றைய கஷ்டத்தை முடிவு செய்கிற நேரம் அது.

"இன்னிக்கு என்ன போடலாம்?" என்றார் கேஷியர் அந்தத் திங்கட்கிழமையும்.

"ஃபேன் ஓடலைன்னு போடலாமே," என்றாள் ஆபரேட்டர் அக்கா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் போன் எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு.

"ஃபேன் போன செவ்வாய்க்கிழமைதான் ஓடலை. கொஞ்ச நாள் போகட்டும். சிக்னல் போட்டுக்கலாம். பாலத்துக்கு மேல இருபது நிமிஷம், நின்னுக்கிட்டே. எல்லாரும் ஞாபகம் வச்சுக்குங்க, இருபது. போன தடவை ஒருத்தர் வீட்ல அரை மணி, ஒருத்தர் வீட்ல முக்கால் மணின்னு சொல்லி மானம் போகப் பார்த்துச்சு."

மற்ற எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். அப்போது கேஷியரோடு சேர்த்து ஒன்பது பேரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் வழியாக உப்புக்காற்று சிலுசிலுவென்று வந்துகொண்டிருந்தது. ரயில் எந்தப் பாலத்தின் மேலும் நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். ரயில் புறப்படுவதே இவர்கள் குடியிருக்கிற கடலோர ஊரிலிருந்துதான். காலை ஏழு பத்துக்கு அது கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி காலியாக வந்து நிற்கும். ஒன்பது பேருக்கும் ஒன்பது இடம் உண்டு. வேறு யாரும் உட்கார மாட்டார்கள். முதல் நான்கு நிலையம் வரை கடல் கூடவே வரும். நகரம் போய்ச் சேர ஐம்பத்தைந்து நிமிஷம். திரும்பி வர ஐம்பத்தைந்து நிமிஷம். இப்படி ராஜபோகமாகப் போய் வருகிறோம் என்று வீட்டில் சொன்னால் என்ன ஆகும் என்பது குடும்பம் நடத்துகிற யாருக்கும் தெரியும். செருப்பைக் கழற்றும் முன்பே கையில் ஒரு பையையும் ஒரு பட்டியலையும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் கேஷியர். பல வருஷத்துக்கு முன் ஒருநாள் ரயிலில் நன்றாகத் தூங்கிவிட்டு, சட்டை கசங்கி, தலை கலைந்து வீட்டுக்குப் போயிருக்கிறார். "ரொம்பக் கூட்டமா?" என்று கேட்டாளாம் மனைவி. "ம்" என்றாராம் இவர். அந்த ஒற்றை எழுத்துக்கு அன்று யாரும் அவரைக் குழாய் மாற்றச் சொல்லவில்லை. மறுநாள் பெட்டியில் வந்து சொன்னார். சின்ன ஊர், வீட்டுக்காரர்களும் வீட்டுக்காரிகளும் கடைத்தெருவில் சந்தித்துக்கொள்கிற ஊர். ஆளுக்கொரு கதை சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, அன்றிலிருந்து கதை பொதுவாகிவிட்டது.

இங்கிருந்தே புறப்படுகிற ரயிலில் எப்படி இடம் இல்லாமல் போகும் என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் இருந்தது. அடுத்த நிலையத்துக்காரர்கள் முந்தின ரயிலிலேயே இந்தப் பக்கம் வந்து, இறங்காமல் உட்கார்ந்து இடம் பிடித்துவிடுகிறார்கள் என்பது பதில். அதைக் கேட்ட ஒருவர்கூட ஸ்டேஷனுக்கு வந்து பார்க்கவில்லை. பிரியம் இருக்கிற இடத்தில் யாரும் சரிபார்க்க மாட்டார்கள் என்பார் கேஷியர். பாங்கில் உட்கார்ந்திருக்கிறவர் இப்படிப் பேசக் கூடாதுதான்.

ஒன்பது பேரில் கதை சொல்வதில் கைதேர்ந்தவள் பல்லம்மா. அது நாலாம் பெட்டி வைத்த பெயர். நகரத்தில் பல் செட் செய்கிற கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவள் மெழுகில் பல் பல்லாக நட்டு, நிறம் பார்த்து, கடி சரிபார்த்து அனுப்புவாள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஒருமுறை சிரித்தால் போதும், எந்தப் பல் சொந்தம், எந்தப் பல் வாங்கினது என்று சொல்லிவிடுவாள். பதினோரு வருஷமாக நாலாம் பெட்டியின் மூன்றாம் ஜன்னல் அவளுடையது. பெட்டிக்குள் ஆடு ஏறிய கதை அவள் போட்டதுதான். அது ஒரு மாசம் ஓடியது.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் வழக்கம்போல் நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். "அம்மாடி," என்றாள். நல்ல அம்மாடி அது. பழக்கத்தில் வந்தது.

வீட்டின் முன்னறைதான் கணவனின் கடை. ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கடற்காற்றில் ஃப்ரிட்ஜுக்கு ஆயுசு பாதி. அடித்தகடு துருப்பிடிக்கும், குழாய் அரித்து வாயு போகும். ஊரில் இருக்கிற அத்தனை ஃப்ரிட்ஜும் ஒருமுறையாவது அவர் கையில் மல்லாந்து படுத்திருக்கிறது. மனைவி வருகிற நேரத்துக்குக் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு வாளியில் வெந்நீர் கொண்டுவந்து அவள் காலடியில் வைப்பார். பதினோரு வருஷமாக வைக்கிறார். அவளும் பதினோரு வருஷமாக, நிற்கவே இல்லாத காலை அதில் நனைக்கிறாள்.

அன்று வாளியை வைத்துவிட்டு அவர் நகரவில்லை. முகம் கொள்ளாத சிரிப்போடு எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"பாலத்து மேல இருபது நிமிஷம் நின்னுச்சாமே. இப்பத்தான் கேஷியர் வீட்டம்மா ஃப்ரிட்ஜ் விஷயமா போன் பண்ணாங்க, சொன்னாங்க."

"ஆமாங்க. நின்னு நின்னு..."

"இனிமே நிக்க வேண்டாம்மா."

அவளுக்குப் புரியவில்லை.

"சிட்டியில வீடு பார்த்துட்டேன். மூணாவது மாடி. உன் வேலை இடத்துலேருந்து நடந்தா எட்டு நிமிஷம். நானே நடந்து பார்த்தேன். அஞ்சரைக்கு நீ கிளம்பினா அஞ்சு முப்பத்தெட்டுக்கு வீட்ல இருப்ப. சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கையெழுத்து."

பல்லம்மா முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கடை?"

"தம்பிகிட்ட கொடுத்துடறேன்னு சொல்லிட்டேன்."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஏதாவது கம்பெனி சர்வீஸ்ல சேர்ந்துக்கறேன். யூனிஃபார்ம் சட்டை கொடுப்பாங்களாம். பையில பேரு போட்டு." ஐம்பத்திரண்டு வயசு மனுஷன் அதைச் சொல்லிவிட்டுச் சட்டைப்பை இருக்கிற இடத்தைத் தடவிக்கொண்டார். "பதினோரு வருஷம் பட்டது போதும். நாள்பட்ட நோயாளி மாதிரி தினம் வந்து விழற. எனக்குப் பார்க்க முடியலை."

அவள் பேந்தப் பேந்த விழித்தாள். வெந்நீர் காலைச் சுட்டது. கடல் போகிறது, ஜன்னல் போகிறது, ஒன்பது பேர் போகிறார்கள், அதெல்லாம்கூடப் பரவாயில்லை. இந்த மனுஷனுடைய கடை போகிறது. அவள் ஒருநாள் கூட நிற்காத ரயிலுக்காக.

மறுநாள் காலை நாலாம் பெட்டியில் அவசரக் கூட்டம் நடந்தது.

"போட்டு உடைச்சிடு," என்றாள் ஆபரேட்டர் அக்கா. "ஒரு நாள் கோபப்படுவாரு. அப்புறம் சரியாயிடும்."

"உடைக்கறது சுலபம்," என்றார் கேஷியர். "ஒண்ணு உடைஞ்சா ஒன்பதும் உடையும். என் வீட்டுக்காரிக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேரு யாரு பண்றா? உங்க வீட்டுக்காரரு. ஒரு ஸ்க்ரூ கழட்டற நேரத்துல எல்லாம் வெளிய வந்துடும். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு, பல்லம்மா. ரெண்டு வருஷம் நான் வீட்டுக்கு எப்படிப் போறது?"

 ஜன்னலுக்கு வெளியே கடல் அழகாகத்தான் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. கடைசியில் கேஷியரே ஒரு வழி சொன்னார். ரயில்வே திருந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். படிப்படியாகத் திருந்தட்டும். செவ்வாய்க்கிழமை ஃபேன், புதன்கிழமை உட்கார இடம், வியாழக்கிழமை புதுப் பெட்டி. இவ்வளவு சௌகரியம் வந்த பிறகு வீடு மாற்றுவானேன் என்று மெக்கானிக்குக்குத் தானாகவே தோன்றும். பொய்யும் வெளியே வராது. எல்லோருக்கும் இது பிடித்துப்போயிற்று. உலகத்தில் எந்த ரயில்வேயும் மூன்று நாளில் இவ்வளவு முன்னேறியிருக்காது.

அன்று மாலை பல்லம்மா நாற்காலியில் விழவில்லை. மெதுவாக உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ஃபேன் நல்லா ஓடிச்சுங்க."

மெக்கானிக் அவளை நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு சொம்பு வெந்நீர் ஊற்றினார்.

"இன்னிக்கு உட்கார இடம் கிடைச்சுது," என்றாள் புதன்கிழமை. "ஏறின உடனே."

"அப்படியா," என்றார் அவர். முகம் தொங்கிப்போயிருந்தது. அவள் அடுப்படிக்குள் போனதும் தம்பிக்குப் போன் செய்து தணிந்த குரலில் பேசியது அவள் காதில் விழுந்தது. "ஆமாண்டா. கஷ்டத்தை மறைக்க ஆரம்பிச்சுட்டா. கடை போகுதேன்னு எனக்காகப் பார்க்கறா. இன்னும் சீக்கிரம் போயிடணும்."

வியாழக்கிழமை அவளுக்குப் பொறுக்கவில்லை. கேஷியராவது கத்தரிக்காயாவது என்று, உட்கார்ந்த உடனே எல்லாவற்றையும் கொட்டினாள். ஜன்னல், காற்று, காலை நீட்டி உட்காருவது, தினமும் ஒரு கஷ்டம் முடிவு செய்வது, இருபது நிமிஷம், ஃபேன், எல்லாம்.

"பதினோரு வருஷத்துல நான் ஒரு நாள் கூட நின்னது இல்லைங்க," என்றாள்.

அவர் முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"எனக்காக எவ்வளவு பெரிய பொய் சொல்ற," என்றார்.

பதினோரு வருஷம் இவள் சொன்ன ஆட்டையும் மாட்டையும் சர்க்கரை மாதிரி விழுங்கின மனுஷன், ஒரே ஒரு உண்மையை மட்டும் விழுங்க மாட்டேன் என்றார். பல்லம்மாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சத்தியம் செய்தாள். சத்தியம் எல்லாம் செய்யாதே, உடம்புக்கு ஆகாது என்றார். கேஷியரைக் கேளுங்கள் என்றாள். அந்தப் பாவம் மனுஷனை ஏன் இதில் இழுக்கிறாய், அவருக்கே மூட்டு வலி என்றார். நல்ல பொய்க்காரியாக இருப்பதில் இப்படி ஒரு தொல்லை இருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. சனிக்கிழமை எப்படியும் சிட்டிக்கு வரணுமில்ல. என்னோட ஏழு பத்துலயே வாங்க. கண்ணால பாருங்க."

"வர்றேன்," என்றார் உடனே. "உனக்கு முட்டுக் கொடுக்கவாவது ஒரு ஆள் வேணும்."

வெள்ளிக்கிழமை அவள் பெட்டியில் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். "நாளைக்கு அவர் வர்றார். நீங்க எதுவும் பேச வேண்டாம், எதுவும் பண்ண வேண்டாம். எப்பவும் போல உட்கார்ந்திருந்தா போதும். வெளிய சொல்லக்கூடாதுன்னு நான் அவர்கிட்ட சத்தியம் வாங்கிக்கறேன்." எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். அவ்வளவு வேகமாகத் தலையாட்டியபோதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சனிக்கிழமை மெக்கானிக் யுத்தத்துக்குப் போகிறவர் போலத் தயாராகி வந்தார். கிழிந்தால் பரவாயில்லை என்கிற சட்டை. காலில் யாரும் மிதிக்க முடியாத தடித்த செருப்பு. பையில் தண்ணீர், ஈரத்துண்டு, மயக்கம் வந்தால் முகர ஒரு எலுமிச்சம்பழம். நடைமேடை வெறிச்சோடிக் கிடந்தது. ரயில் முன்பே வந்து நின்றிருந்தது. காலி ரயில்.

"பார்த்தீங்களா," என்றாள் பல்லம்மா. வாரம் பூராவும் பதறின நெஞ்சு அப்போதுதான் கொஞ்சம் அடங்கியது. அவரைக் கையைப் பிடித்து நாலாம் பெட்டிக்குள் ஏற்றினாள்.

உள்ளே எட்டுப் பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

மூன்று பெட்டிக்கான பெஞ்சு காலியாகக் கிடக்கிற மாதிரி அத்தனை இடம் காலியாக இருந்தது. நடுவில் எட்டுப் பேர் ஒருவரோடு ஒருவர் ஒட்டி, மேலே தொங்குகிற பிடியில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கேஷியர் ஒற்றைக் காலில் நின்றார். ஆபரேட்டர் அக்கா ஒரு காகிதத்தால் விசிறிக்கொண்டே இருமினாள். அவளா அப்படிச் செய்வாள் என்று பல்லம்மா நினைத்தாள். ஆபரேட்டர் அக்கா அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க பல்லம்மா, நெருக்குது," என்றார் கேஷியர்.

பல்லம்மா நேராகப் போய் மூன்றாம் ஜன்னலில் உட்கார்ந்தாள். "வாங்க, உட்காருங்க."

"எல்லாரும் நிக்கிறாங்களே," என்றார் மெக்கானிக். மரியாதை தெரிந்த மனுஷன். அவரும் ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவங்க நடிக்கிறாங்க."

"சும்மா இரும்மா, காதுல விழப்போகுது."

அடுத்த நிலையத்தில் ஒரு ஆள் செய்தித்தாளோடு ஏறினார். காலியாக இருந்த பெஞ்சைப் பார்த்தார், நிற்கிறவர்களைப் பார்த்தார். பெயிண்ட் காயவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, பேண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். அதற்கு அடுத்த நிலையத்தில் ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். இவ்வளவு பேர் நிற்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமலா இருக்கும்? அவர்களும் நின்றார்கள். மூன்றாவது நிலையத்தில் ஒரு கும்பலே ஏறியது. வாசலில் எள் விழ இடமில்லை. ஒருவன் மெக்கானிக்கின் காலை மிதித்தான். தடித்த செருப்பு அவனுக்குத்தான் வலித்திருக்கும். ஒரு குடை கேஷியரின் விலாவில் குத்தியது. அவர் உண்மையாகவே முனகினார். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, நீளமான காலிப் பெஞ்சில், ஊர் முழுக்கத் தன்னையே பார்க்க, பல்லம்மா தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"பாவம், தினம் இதுலயா வர்ற," என்றார் மெக்கானிக். பையிலிருந்து ஈரத்துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பதினோரு வருஷம் வாயால் உண்டாக்கிய கூட்டம், வேண்டாம் என்கிற நாளில் ஆளும் குடையுமாக வந்து நின்றிருந்தது. எழுந்து போய்க் கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தாள். கையால் பெஞ்சைத் தேய்த்து எல்லோருக்கும் காட்டினாள்.

"இதுல ஒண்ணும் இல்லை. பெயிண்ட்டும் இல்லை, ஈரமும் இல்லை. உட்காருங்க எல்லாரும்."

ஒரு நிமிஷம் யாரும் அசையவில்லை. பிறகு மூட்டையோடு நின்ற ஒரு பெரியம்மா, "இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன," என்று அலுத்துக்கொண்டே அப்பாடா என்று உட்கார்ந்தாள். அவ்வளவுதான். மடமடவென்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். கூட்டம் இருந்த இடம் தெரியவில்லை. இன்னும் பாதிப் பெஞ்சு மிச்சம் இருந்தது. கேஷியரின் முழங்கால் மட்டும் இன்னொரு நிலையம் வரை மானத்தைக் காத்தது. அப்புறம் அதுவும் மடங்கிவிட்டது. அவர் தன் வழக்கமான இடத்தில், வழக்கமான சாய்வில், வழக்கம்போல் காலை நீட்டி உட்கார்ந்தார். பழகின உடம்பு, பொய் சொல்ல அதற்குத் தெரியவில்லை.

மெக்கானிக் அந்தக் காலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் ஓரத்தில் மனைவியின் முழங்கை பட்டுப் பட்டுப் பெயிண்ட் தேய்ந்திருந்த இடத்தைப் பார்த்தார்.  கடல் முடிந்து கட்டடங்கள் வர ஆரம்பித்தன.

"அப்ப அந்த ஆடு?" என்றார்.

"ஆடு வரலைங்க."

"ஒரு பெரியவரு மயங்கி விழுந்தாரே. நீதான் மடியில தலையை வச்சு..."

"யாரும் விழலை."

"குழந்தை?" என்றார். "ஒரு பொண்ணுக்கு இந்தப் பெட்டியிலேயே குழந்தை பொறந்துச்சே. நீங்கள்லாம் புடவையைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு. நான் குழந்தைக்குச் சட்டை வாங்கிக் கொடுத்து அனுப்பினேனே."

பல்லம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எதிரிலிருந்து கேஷியர் மெல்லச் சொன்னார்.

"என் பேரன் போட்டுக்கிட்டான் தம்பி. நல்ல சட்டை."

மெக்கானிக் தலையாட்டினார். கோபம் வரவில்லை அவருக்கு. வந்திருந்தால் பல்லம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "தினம் காலையில கடைக்கு வர்றவங்ககிட்ட இதைத்தான் சொல்லுவேன்," என்றார். "இதைக் கேக்கறதுக்குன்னே சில பேரு வருவாங்க. குழந்தை பொறந்ததை நான் ஆறு மாசம் சொன்னேன்."

கேஷியருக்கு அதில் கொஞ்சம் பெருமை வந்ததை மறைக்க முடியவில்லை. பிறகு தன் நிலைமை நினைவுக்கு வந்து கையைக் கூப்பினார்.

"தம்பி, என் வீட்ல..."

"நான் எதுக்குச் சொல்றேன் சார். அந்தம்மா உங்களுக்காக எவ்வளவு வருத்தப்படறாங்க தெரியுமா," என்றார் மெக்கானிக். கொஞ்சம் யோசித்து, "ஆடு மட்டும் வேண்டியதில்லை. அது அப்பவே எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு," என்றார்.

நகரத்தில் இறங்கி, பதினோரு மணிக்கு இருவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். அவள் அன்றைக்கு லீவு சொல்லியிருந்தாள். வீட்டின் சொந்தக்காரர் பத்திரத்தை விரித்துப் பேனாவோடு காத்திருந்தார். மெக்கானிக் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஃப்ரிட்ஜ் ஒன்று அடுப்படியில் இருந்தது. பழக்கத்தில் குனிந்து அதன் அடித்தகட்டைத் தடவினார். பத்து வருஷத்துப் பெட்டி. ஒரு பொட்டுத் துரு இல்லை.

"மன்னிக்கணும் சார்," என்றார் நிமிர்ந்து. "எங்களுக்குச் சரிப்படாது."

படியில் இறங்கும்போதே தம்பிக்குப் போன் செய்து, கடையை யாருக்கும் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. கடை தப்பியது, கடல் தப்பியது, ஜன்னலும் தப்பியது. பல்லம்மா நினைத்தது எல்லாம் நடந்துவிட்டது. ஆனால் அவர் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடக்க, அவள் அவரை எட்டிப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது.

திரும்பும் ரயிலில் மத்தியான நேரத்துக்கு ஆளே இல்லை. அவள் அவரை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். இரண்டாவது நிலையம் வருவதற்குள் அவர் தூங்கிவிட்டார். எவ்வளவு காற்று, எவ்வளவு சுகம். யாருக்குத்தான் தூக்கம் வராது? தலை அவள் தோளில் சாய்ந்தது. வாய் திறந்துகொண்டது.

அவள் பார்த்தாள். தொழில் பழக்கம், வாய் திறந்திருந்தால் கண் போய்விடும். கீழே இடது பக்கம், கடைவாயில், பெரிய பல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. ஈறு நன்றாக ஆறி வழவழவென்று இருந்தது. பின்னால் இருந்த பல் அந்தக் காலியிடத்தில் சாய ஆரம்பித்திருந்தது. அப்படிச் சாய எவ்வளவு நாள் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஊரில் போகிறவர் வருகிறவர் பல்லையெல்லாம் எண்ணுகிறவளுக்கு, இது தெரியாமல் போயிருந்தது. அவள் மெல்ல அவர் கையைத் தட்டினாள்.

"பல்லு எப்ப எடுத்தீங்க?"

"எது?" என்றார் தூக்கத்தில். நாக்கால் இடது பக்கம் தொட்டுப் பார்த்தார். "இதுவா. ரெண்டு வருஷம் இருக்குமே. ஒரு வாரமா வலி. முகம் வீங்கிப்போச்சு, நம்ம ஊரு டாக்டர்கிட்டயே போய் எடுத்துட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் உட்கார்ந்திருந்தேன். பஞ்சை வாயில வச்சுக்கிட்டு, நீ வர்ற வரைக்கும்," என்றார். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குக் கணக்காகப் பதில் சொன்னார். "நீ வந்தே. அன்னிக்குத்தான் உங்க பெட்டியில குழந்தை பொறந்துச்சு. அதுக்கு முன்னாடி நம்ம பல்லு என்னத்துக்குன்னு விட்டுட்டேன்."

 தன் மேலேயே அவளுக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. அந்தச் சாயங்காலம் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கதை அமர்க்களமாக இருந்தது என்று தானே மெச்சிக்கொண்டு, காலை நனைத்தபடி ஒரு மணி நேரம் பேசினாள். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கதையில் சொக்கிப்போய்விட்டார் என்று நினைத்தாள்.

"எந்தப் பக்கம் மெல்றீங்க?" என்றாள்.

"வலது பக்கந்தான். பழகிப்போச்சு."

"வேற என்ன சொல்லலை?"

அவர் யோசித்தார். யோசிக்கிற அளவுக்கு இருந்தது போலிருக்கிறது. "வீட்டுக்குப் போய்ச் சொல்றேனே," என்றார்.

"இப்ப சொல்லுங்க. இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கு. முதல்ல ஆ காட்டுங்க."

"ரயில்லயா?"

"இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு."

அவர் வெட்கப்பட்டுக்கொண்டே சுற்றிலும் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். அவள் அவர் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, பக்கத்துப் பல்லின் நிறத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் மறைத்தது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.